ஒரே காயம், இரு தண்டனைகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவரைக் கொடுங்காயப்படுத்தியவரை இன்றும் 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் விசாரிக்கிறார்கள். அதன் 18-ஆம் பிரிவுக்கு உச்ச தண்டனை ஆயுள் சிறை. 20-ஆம் பிரிவுக்கு 5 ஆண்டுகள். காயம் ஒன்றேயாக இருக்கலாம். கொடுங்காயம் விளைவிக்கும் நோக்கத்தோடேயே அடித்தாரா என்பதுதான் வித்தியாசம்.

நோக்கம் நிரூபணமானால் நீதிபதி வழிகாட்டி அட்டவணையைப் பார்ப்பார். இப்போதுள்ளது 2021-இல் நடைமுறைக்கு வந்தது. குற்றப்பொறுப்பு மூன்று படி, பாதிப்பு மூன்று படி. திட்டமிட்டிருந்தாலோ கத்தி எடுத்திருந்தாலோ பொறுப்பு பெரும்பாலும் மேல்படிதான். இரண்டும் மேல்படி என்றால் 12 ஆண்டில் தொடங்கி, 10-க்கும் 16-க்கும் இடையே நிர்ணயிப்பார். அட்டவணை என்றதும் என்னைப் போன்ற கணினிக்காரர்களுக்கு நிரல் எழுதிவிடலாமே என்று கை துறுதுறுக்கும். ஆனால் பழைய குற்றங்கள், வருத்தம், வயது இவற்றை எடைபோடுவது மனிதர்தான்.

என்னை உறுத்துவது கடைசிக் கழிவு. முதல் வாய்ப்பிலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு குறையும். 12 ஆண்டு 8 ஆகிவிடும். அடிபட்டவர் சாட்சி சொல்லும் வேதனை மிச்சமாகிறது என்பது காரணம். விசாரணை தொடங்கும் நாள்வரை இழுத்தடித்தால் பத்தில் ஒன்றுதான்.