கூத்துக்கு முதல் பாட்டு எது?

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் ராஜகிரிக் கோட்டையும் தேசிங்கு ராஜாவும்தான் ஞாபகத்துக்கு வரும். 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி இளம் வயதிலேயே உயிரை விட்ட அந்த ராஜாவைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆனால் செஞ்சிக்குப் பக்கத்திலேயே இருக்கும் மேலச்சேரியைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அங்கே உள்ள திரௌபதி அம்மன் கோயிலைத்தான் அந்தப் பகுதியின் திரௌபதி கோயில்கள் பலவும் மூலக் கோயில் என்று சொல்கின்றன. ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988-ல் இதைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது.

இந்தக் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து. வில் வளைப்பில் ஆரம்பித்து அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று போய் தீமிதியில் முடியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். விடிய விடிய நடக்கிற ஒரு நிகழ்ச்சியை எதை வைத்துத் தொடங்குவது? கூத்துக்காரர்கள் பாட்டை வைத்துத் தொடங்கவில்லை, சத்தத்தை வைத்துத் தொடங்கினார்கள்! இதற்குக் களரி கட்டுதல் என்று பெயர். மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை எல்லாம் சேர்ந்து முழங்கும். மைக் இல்லாத காலத்தில் பக்கத்து ஊருக்கு எட்டிய அழைப்பு இதுதான். காசில்லாத விளம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். களரி சரியாகக் கட்டவில்லை என்றால் கூட்டம் சேராது. கூட்டம் சேராவிட்டால் அடுத்த வருஷம் அந்த ஊர் வேறு ஜமாவைத் தேடிப் போய்விடும்.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. கட்டை வேஷக்காரர்களுக்கு அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி முடிக்க ரொம்ப நேரம் ஆகும். அதுவரை வாத்தியக்காரர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். 1969-ல் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் இசைவிழாவிலும் இதே கதைதான். போக்குவரத்து நெரிசலில் மற்ற குழுக்கள் மாட்டிக்கொள்ள, முதலில் மேடையேறிய ரிச்சி ஹேவன்ஸ் கைவசம் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் மேடையிலேயே ஒரு பாட்டை உண்டாக்கிப் பாடினார். அவர் பேர் நிலைத்ததே அந்தப் பாட்டால்தான்.

களரிக்குப் பிறகுதான் பிள்ளையார் பாட்டு, சரஸ்வதி துதி. அப்புறம் கட்டியக்காரன் வந்து நாலு சிரிப்பு மூட்டுவான். அடுத்து முக்கியமான வேஷம். இரண்டு பேர் திரை பிடிக்க, துரியோதனனோ கர்ணனோ பின்னால் நின்று விருத்தம் பாடுவார். ஆளைப் பார்க்கும் முன்பே குரலைக் கேட்க வேண்டும். உண்மையில் கூத்தின் முதல் பாட்டு இதுதான் என்று சொல்லலாம். மற்றவை எல்லாம் இதற்கான ஏற்பாடு.

சென்னை சபாக்களில் நிலைமையே வேறு. டிக்கெட் வாங்கி உட்கார்ந்துவிட்டவரை யாரும் கூவி அழைக்கத் தேவையில்லை. அதனால்தான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) அமைத்துக் கொடுத்த கச்சேரி முறையில் வர்ணம் முதலில் வந்து உட்கார்ந்தது. பாடுகிறவரின் குரலும் பக்கவாத்தியமும் பதத்துக்கு வர அது உதவும்.

இன்றைய ஊர்த் திருவிழா மெல்லிசைக் குழுக்கள் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. முதலில் ஒரு சாமி பாட்டு. பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இளவட்டங்கள் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. விசில் பறப்பது அடுத்த சினிமா பாட்டுக்குத்தான். குழுக்காரர்கள் யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுப்பதும் அந்த இரண்டாவது பாட்டைத்தான்.

செஞ்சிப் பக்கத்துக் கூத்துக்கும் இப்போது ஒலிபெருக்கி வந்துவிட்டது. கூட்டத்தைக் கூப்பிட களரி தேவையே இல்லை. ஆனாலும் கட்டுகிறார்கள். உள்ளே ஒருவர் இன்னும் புஜக்கட்டை கட்டிக்கொண்டிருப்பார் அல்லவா?