பல் முளைக்கும் வலியும் பாலா கோலியும்

1842ஆம் ஆண்டில் லண்டன் நகரில் இறந்த ஓராண்டுக்குட்பட்ட குழந்தைகளுள் 4.8 விழுக்காட்டினரின் இறப்புக்குப் பதிவாளர் நாயகத்தின் ஏட்டில் எழுதப்பட்டிருந்த காரணம் 'பல் முளைத்தல்'. ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளிடத்தில் இந்த அளவு 7.3 விழுக்காடு. பல் முளைப்பதால் எந்தக் குழந்தையும் இறப்பதில்லை என்பது இன்று மருத்துவ மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. அவ்வாறாயின் அக்குழந்தைகள் எதனால் இறந்தன? இக்கேள்வியைத் தொடர்ந்து செல்பவர், வலியின் வரலாற்றைவிட, வலியை அடக்கக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் வரலாற்றையே மிகுதியாகக் காண நேரும்.

குழப்பத்தின் வேர் காலப் பொருத்தத்தில் உள்ளது. முதற்பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தையொட்டி வெளிவருகிறது. இருபது பாற்பற்களும் முளைத்து முடிய ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகின்றன. தாயிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்பாற்றல் குறைவதும், தாய்ப்பாலோடு பிற உணவு சேர்வதும், குழந்தை தவழ்ந்து கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைப்பதும் இதே பருவத்தில்தான். எனவே காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் இயல்பாகவே இக்காலத்தில் மிகுகின்றன. கண்ணுக்குத் தெரியாத கிருமியை விடுத்து, கண்ணுக்குத் தெரிந்த பல்லின்மீது பழி விழுந்தது.

இந்திய மருத்துவ மரபும் இப்பிழைக்கு விலக்கன்று. காசியப சம்ஹிதை பல் பிறப்பதற்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்குகிறது. வாக்படரின் அஷ்டாங்க இருதயம் பல் முளைத்தலை எல்லா நோய்களுக்கும் காரணமெனக் கூறுகிறது. ஆயினும் அதே நூல், பல் முளைக்கும்போது வரும் நோய்களுக்காகக் குழந்தையைக் கடுமையான கட்டுப்பாடுகளால் வருத்தக் கூடாது என்றும், பல் வெளிவந்தபின் அவை தாமே தணியும் என்றும் அறிவுறுத்துகிறது. காரணத்தைக் கணிப்பதில் தவறிய மரபு, சிகிச்சையில் நிதானம் காத்தது கவனத்துக்குரியது.

ஐரோப்பாவில் அந்நிதானம் நிலைக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே, பல் வெளிவராமலே இறந்த எட்டு மாதக் குழந்தையொன்றின் ஈறு கடினமாக இருந்ததைக் கண்டு, ஈற்றைக் கீறிவிடுவதே வழி எனக் கருதினார். அவ்வழக்கம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடைச்சரக்கு மருந்துகள் அதனோடு சேர்ந்தன. அமெரிக்காவில் 1849 முதல் விற்பனையான 'திருமதி வின்ஸ்லோவின் அமைதியூட்டும் பாகு' ஓர் அவுன்ஸில் 65 மில்லிகிராம் மார்ஃபின் கொண்டிருந்தது. பாகினைப் பருகிய குழந்தைகள் அழுகையை நிறுத்தின. சில கண் விழிக்கவேயில்லை. 1906ஆம் ஆண்டின் உணவு மற்றும் மருந்துச் சட்டம் உள்ளடக்கத்தைப் புட்டியின்மீது அச்சிடக் கட்டாயப்படுத்திய பின்னரே அதில் இருப்பது இன்னதெனத் தாய்மார் அறிந்தனர்.

இந்தியாவில் இதே வேலையைச் செய்தது அபின். 1893இல் அமைக்கப்பட்ட அபின் அரச ஆணையத்தின் முன் சாட்சியமளித்தோர் பலர், மேற்கிந்தியாவில் குழந்தைகளுக்கு அபின் கொடுப்பது பரவலான வழக்கம் என்று தெரிவித்தனர். பிறந்த சில வாரங்களில் தொடங்கி, பல் முளைத்து முடியும் வரை அது நீடிப்பதுண்டு. அளவோடு உண்ணும் அபின் பெருந்தீங்கன்று என்று 1895இல் ஆணையம் முடிவுரைத்தது. உரிமம் பெற்ற கடைகள் வழியே விற்பனையான அபின், அன்றைய அரசுக்கு வருவாய் ஈட்டித்தந்த பொருள் என்பதையும் இவ்விடத்தில் நினைவில் கொள்ள வேண்டும்.

பம்பாயின் பஞ்சாலைப் பகுதிகளில் இவ்வழக்கம் 'பாலா கோலி', அதாவது குழந்தை உருண்டை, என்ற பெயரில் வேரூன்றியது. 1920களின் தொடக்கத்தில் பம்பாய் அரசு நியமித்த பெண் மருத்துவரான டாக்டர் பார்ன்ஸ் ஆலைப் பெண்களின் நிலையை ஆராய்ந்தார். ஆலைகளில் உழைக்கும் பெண்களின் குழந்தைகளுள் 98 விழுக்காட்டினருக்கு அபின் கொடுக்கப்படுவதாக அக்காலத்தில் பதிவாயிற்று. அபின் வலியை மறக்கச் செய்யும். பசியையும் மறக்கச் செய்யும். உறங்கும் குழந்தை பாலுக்கு அழாது. அழாத குழந்தை மெலியும். அளவு சற்றே மிகுந்தால் மூச்சு அடங்கும்.

இதைத் தாய்மாரின் அறியாமை என்று எழுதிக் கடந்தவர் அக்காலத்தில் பலர். ஆலையின் கடிகாரம் வேறு கதை சொல்கிறது. 1922ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்திற்குப் பின்னரும் நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரம், வாரத்துக்கு அறுபது மணி நேரம் வேலை வாங்கச் சட்டம் இடமளித்தது. ஓரறைக் குடியிருப்பில் ஈறு வலியால் இரவெல்லாம் அழும் குழந்தை; விடியலில் ஆலைச் சங்கு; பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அந்நிலையில் அபின் உருண்டை மருந்தாக மட்டும் இருக்கவில்லை. இல்லாத காப்பகத்தின் இடத்தை அது நிரப்பியது.

1931இல் அறிக்கையளித்த தொழிலாளர் நல அரச ஆணையம் இதனை உணர்ந்தது. பெண்கள் பெருமளவில் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. பாலா கோலிக்கு எதிரான முயற்சியில் மருந்துத் தடையோடு காப்பகமும் இடம்பெற்றதே இவ்வரலாற்றின் முதன்மையான படிப்பினை.

அபின் அகன்ற பின்னும் ஆபத்து அகலவில்லை. பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் விற்பனையான பல் முளைப்புத் தூள்களில் பாதரசச் சேர்மமான கலோமெல் இருந்தது. கைகால்கள் சிவந்து, வலியால் துடித்து, முளைத்த பல்லும் உதிரும் 'இளஞ்சிவப்பு நோய்' அதனால் விளைந்தது. 1939 முதல் 1948 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் 585 குழந்தைகள் இந்நோயால் இறந்தனர். 1950களில் தூளிலிருந்து பாதரசம் நீக்கப்பட்டதும் நோய் சில ஆண்டுகளில் மறைந்தது. 2008இல் நைஜீரியாவில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த பல் முளைப்பு மருந்தொன்று 80க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது. மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் களிம்பு இரத்தத்தின் ஆக்சிஜன் ஏந்தும் திறனைக் குலைக்கக் கூடும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அதனை விற்க வேண்டாமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டமைப்பு 2018இல் அறிவித்தது.

ஆய்வுகள் காட்டும் உண்மை எளியது. 2000ஆம் ஆண்டில் வெளியான கிளீவ்லாந்து ஆய்வு 125 குழந்தைகளை நாள்தோறும் கவனித்தது. ஒவ்வொரு பல்லுக்கும் தொல்லை நீடித்தது ஏறத்தாழ எட்டு நாட்கள்: வெளிவருமுன் நான்கு, வெளிவரும் நாள், பின்னர் மூன்று. எச்சில் வடிதல், கடித்தல், சிணுங்கல், சிறிது வெப்ப உயர்வு ஆகியன காணப்பட்டன; கடுங்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பல்லோடு தொடர்புறவில்லை. பற்கள் அடுத்தடுத்து வருவதால்தான் வலி மாதக்கணக்கில் நீள்வதாகத் தோன்றுகிறது. கழுவிய விரலால் ஈற்றை மென்மையாக அழுத்துதல், குளிரூட்டிய ஈரத்துணியையோ உறையாத ரப்பர் வளையத்தையோ கடிக்கக் கொடுத்தல், மிகத் தேவையெனில் மருத்துவர் உடல் எடைக்கேற்பக் கூறும் அளவில் பாரசிட்டமால், இவை போதும்.

வயிற்றுப்போக்கைப் பல்லின் கணக்கில் எழுதுவது இன்றும் உயிர்ப்பழக்கமாக உள்ள பிழை. 1971இல் போங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, சர்க்கரை கரைந்த நீரால் எண்ணற்றோரைக் காத்தார். 'பல் முளைக்கிறது, தானே சரியாகும்' என்று காத்திருக்கும் வீட்டுக்கு அந்தக் கரைசல் உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை.

2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பு அளித்தது. இருபத்தாறு வாரம் என்பது ஆறு மாதம். விடுப்பு முடியும் வேளையில்தான் முதற்பல் அரும்புகிறது. ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனத்தில் காப்பகம் உண்டு என்றது அதே சட்டம். கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் பெண்களுக்கு இவ்விரண்டும் பெரும்பாலும் எட்டாதவை. ஈறு வலிக்கும் குழந்தையைத் தூக்கிவைத்திருக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை இல்லாத வீடுகளில்தான், ஒவ்வொரு காலத்திலும், ஏதேனும் ஓர் உருண்டையோ பாகோ நுழைந்திருக்கிறது.