விசுவாசம் யார் கணக்கில்? இந்திய விமானக் கம்பெனிகள் இணைந்த கதை

இரண்டு கம்பெனிகள் இணைந்து, இணைந்தது விளங்காமல் போனால் வணிகப் பத்திரிகைகள் கையில் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: 'இரண்டு கலாச்சாரங்கள் ஒட்டவில்லை.' 2007ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாக்கினார்களே, அது நொடித்ததற்கும் இதையேதான் சொன்னார்கள். ஏதோ ரெண்டு குடும்பம் சம்பந்தம் பண்ணிக்கொண்டு, பழக்கவழக்கம் ஒத்துவராமல் முறுக்கிக்கொண்ட மாதிரி. இந்தக் 'கலாச்சாரம்' எப்போது, யாரால், எதைக்கொண்டு செய்யப்பட்டது என்ற கேள்வியை மட்டும் யாரும் எழுப்புவதில்லை.

1953ன் விமானக் கார்ப்பரேஷன்கள் சட்டத்திலிருந்து தொடங்கலாம். தேசியமயம் என்று நாம் அழைப்பது இன்னொரு பக்கத்தில் ஒரு இணைப்பும்தான். டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் என்று எட்டு உள்நாட்டுச் சேவைகளைக் கூட்டிப் பிசைந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கினார்கள். டாடா வளர்த்த வெளிநாட்டுச் சேவை தனியாக நின்றது. தேசியமயத்தை எதிர்த்த ஜே.ஆர்.டி. டாடாவே அதற்குத் தலைவராகவும் உட்கார்ந்தார். 1978ல் மொரார்ஜி அரசாங்கம் நீக்கும்வரை இருந்தார். ஆக, ஒன்றுக்கு லண்டன், நியூயார்க், வெளிநாட்டுப் படி, ஓட்டல் தங்கல். மற்றதுக்கு ஒரே நாளில் நாலு ஊரில் ஏறி இறங்குகிற வேலை. அரை நூற்றாண்டு கழித்து 'கலாச்சார வித்தியாசம்' எனப்பட்டது இந்த வழித்தடப் பங்கீடும் சம்பளப் பட்டியலும்தான். ஒரு சட்டப் பிரிவு, வயசாகிப் போனதும், மரபு என்று பெயர் வாங்கிக்கொள்கிறது.

ஏர் இந்தியாவின் மகாராஜாவை எல்லோருக்கும் தெரியும். 1946ல் பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் உண்டாக்கிய உருவம். சமஸ்தானங்கள் காலாவதியாகப் போகிற நேரத்தில் மார்பில் கை வைத்துக் குனிகிற ஒரு ராஜா! டிக்கெட் வாங்கியவன் முன்னால் ராஜாவே பணிகிறான் என்ற கற்பனைதான் அங்கே விற்பனைக்கு வந்தது. ஆனா, நிஜ விமானத்துக்குள் குனிந்தது யார்? ஏர் ஹோஸ்டஸ். அவள் எத்தனை வயசுவரை குனியலாம் என்பதற்கும் விதி இருந்தது. 35 வயசு, அல்லது வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம், அல்லது முதல் கர்ப்பம். இதில் எது முந்துகிறதோ அதோடு வேலை முடிந்தது. நிர்வாக இயக்குநர் மனசு வைத்தால் 45 வரை நீட்டிக்கலாம். அதே விமானத்தில் வேலை செய்த ஆண் பர்சருக்கு ஓய்வு 58ல். நர்கேஷ் மிர்சா வழக்கில் 1981 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் கர்ப்ப விதியையும் இயக்குநரின் தன்னிச்சை அதிகாரத்தையும் ரத்து செய்தது. நாலு வருஷக் கல்யாணத் தடையை நியாயம் என்றது. ஆணும் பெண்ணும் வேறு வேறு பணிப்பிரிவு, அதனால் பாகுபாடு இல்லை என்றும் சொன்னது. கம்பெனிக் கலாச்சாரம் பற்றிப் பேசுகிறவர்கள் மகாராஜா போஸ்டரைப் பார்ப்பதோடு இந்தத் தீர்ப்பையும் ஒருதரம் படிக்க வேண்டும்.

அதே 1981ல், மே முதல் தேதி, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வேறொரு கணக்கை ஆரம்பித்தது. 1978ல் அங்கே அரசுக் கட்டுப்பாடு நீங்கியபின் எந்தக் கம்பெனியும் எந்தத் தடத்திலும் பறக்கலாம், கட்டணத்தைக் குறைக்கலாம் என்றாயிற்று. பயணி கைநழுவிப் போகாமலிருக்க, அவர் பறந்த மைல்களைக் கணக்கில் எழுதி இலவச டிக்கெட்டாகத் திருப்பிக் கொடுத்தது. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே ஓடின. அந்தத் திட்டங்களுக்கு வைத்த பெயர் விசுவாசம். இந்தச் சொல் நம்ம ஊரில் மேல்நோக்கி மட்டுமே பாய்ந்தது: வேலைக்காரன் எஜமானுக்குக் காட்டுவது. காட்டாவிட்டால் உண்ட வீட்டுக்கு ரெண்டகம். இப்போது அது வாங்குகிறவரின் பழக்கத்துக்குப் பெயராகி, எண்ணப்பட்டு, விலையும் போடப்படுகிறது. 2020ல் யுனைட்டட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை ஈடுவைத்து 680 கோடி டாலர் கடன் வாங்கியது. திட்டத்தின் மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர் என்றார்கள். அது அன்றைக்கு அந்தக் கம்பெனிப் பங்குகள் அத்தனையின் சந்தை விலையைவிட அதிகம்! அதே வருஷம் அக்டோபர் முதல் தேதி அந்தக் கம்பெனி சுமார் 13,000 பேரைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. ஊழியரின் இருபது வருஷத்தை ஈடாக ஏற்கிற வங்கி எங்கேயும் இல்லை.

திரும்ப 2007க்கு வருவோம். இணைப்புக்கு முன்பே, 2005–06ல், ஏர் இந்தியா 68 போயிங்குகளுக்கும் இந்தியன் ஏர்லைன்ஸ் 43 ஏர்பஸ்களுக்கும் ஆர்டர் கொடுத்திருந்தன. பெரும்பாலும் கடனில் வாங்குவதுதான். விமானம் வாங்கிய விதம், இணைப்பு நடந்த வேளை இரண்டையும் 2011ல் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை குறை சொன்னது. 2007க்குப் பிறகு வருஷம் தவறாமல் நஷ்டம். வட்டி தின்றதைக் கலாச்சாரம் தின்றது என்று எழுதுவது வசதியாக இருந்தது. கலாச்சாரத்துக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை அல்லவா?

நிர்வாகம் மேலே ஒன்றானது. கீழே சம்பள விகிதமும் பணிமூப்புப் பட்டியலும் இரண்டாகவே கிடந்தன. சீனியாரிட்டி என்பது என்ன? ஒரு தொழிலாளி கம்பெனிக்குக் கொடுத்த வருஷங்களை எண்ணி வைக்கிற ஒரே ஏடு. எந்த விமானம், எந்தத் தடம், எப்போது கமாண்டர், எல்லாம் அதை வைத்துத்தான். 2011 ஏப்ரலில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் சமச் சம்பளம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய சங்கத்தின் அங்கீகாரம் பறிபோனது. 2012 மேயில் பழைய ஏர் இந்தியா பைலட்டுகள் 58 நாள் நின்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். நம் தோழர்கள் சங்கடப்பட்டுத் தாண்டிப்போகிற இடம் இந்த இரண்டாவது போராட்டம். புதுசாக வரவிருந்த ட்ரீம்லைனரில் இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் மையம். சக தொழிலாளிக்கு எதிராகவே ஒரு வேலைநிறுத்தம். இதை மேட்டிமை என்று கண்டிப்பது சுலபம், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் இரண்டு பட்டியலையும் உட்கார்ந்து ஒன்றாக்க வேண்டிய முதலாளி, அதாவது அரசு, ஐந்து வருஷம் அதைத் தொடாமல் வைத்திருந்தது. தர்மாதிகாரி கமிட்டி போட்டதே 2011ல், முதல் வேலைநிறுத்தத்துக்கு அப்புறம்தான்.

தனியார் கதை இன்னும் சுருக்கம். அதே 2007ல் ஜெட் ஏர்வேஸ் 1,450 கோடிக்கு சஹாராவை வாங்கியது. மறு வருஷம் அக்டோபரில் 1,900 பேரை வேலையைவிட்டு அனுப்பப் பார்த்து, அவர்கள் யூனிஃபார்மோடு தெருவுக்கு வந்ததும் பின்வாங்கியது. 2014ல் ஜெட்டின் விசுவாசத் திட்டம் தனிக் கம்பெனியாகி, அதில் 50.1 சதத்தை எதிஹாட் 15 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. அதாவது, பயணியின் விசுவாசம் விமானத்திலிருந்து கழற்றப்பட்டுத் தனிச் சரக்காகிவிட்டது. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட்டின் கடைசி விமானம் இறங்கியது. பைலட்டுக்கும் இஞ்சினியருக்கும் மாசக்கணக்கில் சம்பளப் பாக்கி. விசுவாசத் திட்டமோ சாகவில்லை. அந்த நவம்பரில் 'இன்டர்மைல்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு, பறக்க விமானமே இல்லாமல் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஊழியர்கள் தீர்ப்பாயத்துக்கும் நீதிமன்றத்துக்குமாக அலைந்தார்கள். 2024 நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம் ஜெட்டைக் கலைத்துச் சொத்துகளை விற்கச் சொல்லிவிட்டது.

ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடமே திரும்பிப் போயிற்று. வேலைக்கு உத்தரவாதம் ஒரு வருஷத்துக்கு. அந்த வருஷமே விருப்ப ஓய்வுத் திட்டமும் வந்தது. பிறகு, டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் நடத்திய விஸ்தாராவை இதில் கரைக்கிற வேலை. 2024 ஏப்ரலில் விஸ்தாரா பைலட்டுகள் கொத்துக் கொத்தாக உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார்கள், நூறு விமானங்களுக்கு மேல் ரத்தாயின. காரணம் புது ஒப்பந்தம்: 70 மணி நேரத்துக்கு நிச்சயமாக இருந்த சம்பளம் 40 மணி நேரத்துக்கு என்று குறைந்தது. நவம்பர் 12ல் இணைப்பு முடிந்தது. விஸ்தாரா பயணிகளின் புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்று என்று, ஒன்றுகூடக் குறையாமல் ஏர் இந்தியாவின் ஏட்டில் ஏறின. அந்த ஏட்டுக்கு இப்போது மகாராஜா கிளப் என்று பெயர்.