தலையெழுத்தா, தவணையா?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது நம் முன்னோர் வாய்மொழி. இப்பழமொழியைச் சொல்லி முடித்ததும் பெருமூச்செறிந்து, "எல்லாம் அவன் தலையெழுத்து" என்று அமைதியடைவது நம்மவர் வழக்கம். மழை பொய்த்தால் விதி. வெள்ளம் வந்தால் விதி. மாடு மாண்டால் விதி. கடன்காரன் வாயிலில் வந்து நின்றாலும் விதியே! அறிவுடையோர் செய்யத்தக்கது இதுவன்று. உழக்கு ஏன் மிஞ்சவில்லை என்று கணக்கைப் பிரித்துப் பார்ப்பதே அறிவுடைமை. தமிழ்நாட்டுச் சிறு குடியானவனுடைய கணக்கை அங்ஙனம் ஒருமுறை பிரித்துப் பார்ப்போம்.

ஆங்கிலக் கம்பெனியார் வருவதற்கு முன்னர், அரசனுக்குரிய இறை பல இடங்களில் தானியமாகவே பெறப்பட்டது. களத்தில் குவிந்த நெல்லை அளந்து, அரசின் பங்கு மேல்வாரமென்றும், குடிகளின் பங்கு குடிவாரமென்றும் பிரிப்பர். இம்முறையைப் பொற்காலமாகப் புகழ்வது தவறு. மேல்வாரம் கனத்திருந்தது. அளக்கும் அதிகாரி வரும்வரை நெல்லைத் தொடவும் குடியானவனுக்கு உரிமையில்லை. குவியலின்மேல் முத்திரை இடப்பட்டிருக்கும். அவர் வருவதற்குள் மழை வந்தால் நெல் முளைத்துப் போகும். ஆயினும் அம்முறையில் ஒரு நியாயம் இருந்தது. விளைவு குறைந்தால் அரசின் பங்கும் குறையும். நட்டத்தில் இருவரும் கூட்டாளிகள்.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால், சேலம், திண்டுக்கல் ஆகிய பகுதிகள் கம்பெனியார் கைக்கு வந்தன. பாரமகாலை ஆள அனுப்பப்பட்ட அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாயிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, ஒவ்வொரு குடியானவனோடும் நேரே வரி பேசும் முறையை உருவாக்கினர். இதுவே ரயத்துவாரி. மன்றோ 1820இல் சென்னை மாகாணக் கவர்னரான பின் இது மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிற்று. இடையில் ஜமீன்தார் இல்லை. குடியானவன் பெயரிலேயே பட்டா. தீர்வையைச் செலுத்தும்வரை நிலத்தைவிட்டு அவனை எவரும் எழுப்ப முடியாது. இவை நன்மைகளே; மறுப்பதற்கில்லை.

ஆனால் பட்டாவோடு கூடவே மற்றொன்றும் வந்தது. அது தவணை. தானியப் பங்கு போய்ப் பணத் தீர்வை வந்தது. விளைந்தாலும் விளையாவிட்டாலும், விலை ஏறினாலும் இறங்கினாலும், குறித்த நாளில் குறித்த தொகையைக் கிஸ்தியாகக் கட்டியாக வேண்டும். பெரும்பஞ்ச காலங்களில் தள்ளுபடி உண்டு. ஆனால் அது அதிகாரிகளின் தயவைப் பொறுத்தது. கூட்டாளியாயிருந்த அரசு கடன்காரனாக மாறிற்று.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். ஒருவனுக்குத் தீர்வை பத்து ரூபாய் என்று கொள்வோம். கிஸ்தியோ அறுவடையை ஒட்டிய மாதங்களில் வருகிறது. தை அறுவடை முடிந்ததும் ஊரிலுள்ளார் அனைவரும் ஒரே வேளையில் நெல்லைக் கொண்டுவந்து நிற்பதால் விலை தாழ்கிறது. கலம் இரண்டு ரூபாய்க்கு விற்றால் ஐந்து கலம் கொடுத்தாக வேண்டும். ஆனி மாதம்வரை பொறுத்திருந்து, கலம் இரண்டரை ரூபாய்க்கு விற்கக்கூடுமானால் நான்கு கலமே போதும். அந்த ஐந்தாவது கலம் எங்கே போயிற்று? மழை கொண்டு போகவில்லை, பூச்சி தின்னவில்லை, நாட்காட்டி தின்றது. ஆனியிலே வீட்டில் நெல் தீர்ந்ததும், தையில் தான் மலிவாக விற்ற நெல்லையே அவன் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்குகிறான். கையில் காசில்லாததால் கடனுக்கு வாங்குகிறான். அடுத்த அறுவடையில் கிஸ்தியோடு வட்டியும் சேர்ந்து நிற்கிறது. பழமொழியில் வரும் உழக்கு மறைந்த இடம் இதுவே.

தவணை தவறினால் நேர்ந்தது யாது? 1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் தொடங்கிய சென்னை சுதேசி சங்கத்தார், வரி வசூலில் நடக்கும் கொடுமைகளைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம்வரை கொண்டுசென்று முறையிட்டனர். அதன் பயனாக 1854இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக்கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. 1855இல் அதன் அறிக்கை வெளியாயிற்று. விரல்களைக் கட்டைகளுக்கிடையில் வைத்து நெருக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணந்தாளும் வரி வசூலுக்குப் பயன்பட்டன என்பதை அக்குழு உறுதிசெய்தது. அக்கொடுமையைச் செய்த கீழ்நிலை உத்தியோகஸ்தர்கள் நம்மவரே என்பதையும் நாம் வெட்கத்தோடு நினைவுகொள்ள வேண்டும். சட்டம் அயலானுடையது, கிட்டியைப் பிடித்த கை நம்முடையது.

பின்னர்க் கிட்டி ஒழிந்தது, ஜப்தி வந்தது. 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டப்படி, பாக்கிக்காரனுடைய உடைமையையும் நிலத்தையும் ஏலமிடலாயிற்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த பெரும்பஞ்சத்துக்குப் பின் துரைத்தனத்தார் சற்றே விழித்தனர். 1883இல் நிலச் சீர்திருத்தக் கடன் சட்டமும், 1884இல் விவசாயிகள் கடன் சட்டமும் பிறந்தன. தக்காவி என்று வழங்கிய இக்கடனின் வட்டி குறைவு. ஆனால் மனு எழுத வேண்டும், ஈடு காட்ட வேண்டும், கர்ணமும் மணியக்காரரும் சான்று கூற வேண்டும், தாலுக்காக் கச்சேரிக்கு நடையாய் நடக்க வேண்டும். விதைப்புக் காலமோ எவருக்காகவும் காத்திராது. லேவாதேவிக்காரன் அதிக வட்டி வாங்கினான். எனினும் கேட்ட மாலையிலேயே கொடுத்தான். வட்டியினும் வேளை பெரிதென்பதைக் கச்சேரி அறியவில்லை, அவன் அறிந்திருந்தான்.

இவ்வுண்மையை உணர்ந்த அதிகாரி ஒருவர் உண்டு. அவர் பிரடெரிக் நிக்கல்சன். ஐரோப்பிய நாடுகளின் விவசாயக் கடன் நிலையங்களை ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் அவர் வெளியிட்ட அறிக்கை, ஜெர்மனியில் ரைபைசன் என்பார் கண்ட வழியை நமக்குக் காட்டிற்று. ஓரூர்க் குடிகள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, தம்முள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வது அவ்வழி. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் கிராமக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பக்கத்து வீட்டானுடைய வயலை அறிந்தவன், அவனுக்கு எந்த மாதம் பணம் வேண்டும் என்பதையும் அறிவான். கூட்டுறவின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ஆயினும் தொண்டு வளர்வதற்குள் துன்பம் முந்திக்கொண்டது. 1929க்குப் பின் வந்த உலக வியாபார மந்தத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. தீர்வை பாதியாகவில்லை, பழைய கடன் பத்திரத்தின் எழுத்தும் பாதியாகவில்லை. சென்னை மாகாணக் கிராமக் கடன் 150 கோடி ரூபாய் என்று பாங்கி விசாரணைக் குழு 1930இல் மதிப்பிட்டது; 1935இல் சத்தியநாதன் அறிக்கை அதனை 200 கோடி என்றது. 1938இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொணர்ந்தது. 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களின் வட்டிப் பாக்கி தள்ளுபடியாயிற்று. அசலைப்போல் இருமடங்கு கட்டியவனுடைய கடன் அடியோடு தீர்ந்தது. பல குடும்பங்கள் மூச்சுவிட்டன. ஆனால் அறுவடை நாளன்றே நெல்லை விற்றாக வேண்டிய நெருக்கடி தீரவில்லை.

இதுகாறும் சொன்னது பட்டா உள்ளவன் கதை. அவனுக்குக் கீழே குத்தகைக்காரன் இருந்தான். அவனுக்கும் கீழே, பெயரளவிலும் நிலமற்ற பண்ணையாள் இருந்தான். சாதியின் பெயரால் நிலமும் கிணறும் வீதியும் மறுக்கப்பட்ட அவனுக்குத் தவணை கேட்கும் தகுதிகூட இல்லை. மேலுள்ளவன் கிஸ்திக்குத் தட்டுப்பட்டபோதெல்லாம் கூலியில் குறைந்தது இவனுடைய மரக்கால்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்த நம் பாட்டன்மாருள் பலர் இவ்வடித்தட்டிலிருந்தே வந்தனர். கங்காணி முன்பணம் கொடுத்து ஊர்க்கடனைத் தீர்த்து அழைத்துவந்தான். அம்முன்பணமும் தோட்டத்தில் கடனாகத் தொடர்ந்தது.

இங்கு வந்தும் அதே காட்சியைக் கண்டோம். கெடாவின் வயல்களில் மலாய்க் குடியானவன் பஞ்ச மாதங்களில் கடைக்காரனிடம் பணமும் பண்டமும் பெற்று, முன்பே பேசிய தாழ்ந்த விலைக்கு அறுவடை நெல்லைக் கொடுத்துவந்தான். 'பாடி குஞ்சா' என்பது அவ்வழக்கத்தின் பெயர். மொழி வேறு, மதம் வேறு, மண் வேறு. மறைந்த கலம் மட்டும் ஒன்றே. தலையெழுத்து இத்தனை நாடுகளில் ஒரே கையெழுத்தாக இருக்குமா?

இன்று தமிழ்நாட்டில் கிட்டியில்லை. நெல்லுக்கு ஆதரவு விலையும் அரசாங்கக் கொள்முதல் நிலையங்களும் உண்டு. எனினும் காவிரிப் படுகையில் ஈரப்பதம் நூற்றுக்குப் 17 பங்குக்கு மேலிருந்தால் நெல் தள்ளப்படுவதும், முறை வருமுன் மழை வந்து மூட்டைகள் நனைவதும் பருவந்தோறும் கேட்கும் செய்திகளே. முத்திரையிட்ட குவியல் அன்று அளப்பவனுக்காகக் காத்திருந்தது. இன்று மூட்டை காத்திருக்கிறது.

ஆகவே, நேயர்களே, உழவன் வறியவனாயிருப்பது ஏன் என்று யாரேனும் வினவினால் வானத்தை நோக்கிக் கைகாட்டாதீர்கள். தவணை எந்த நாளில் வருகிறது, கிடங்கு எங்கே இருக்கிறது, பொறுத்து விற்க அவனுக்கு வலிமை உண்டா என்று கேளுங்கள். மழையின் நாளை மாற்ற நம்மால் இயலாது. தவணையின் நாளைக் குறித்தவர் மனிதர். மனிதர் குறித்ததை மனிதர் மாற்றலாம்.