ஒலிக்கு ஓர் உருவம்

ஒலியின் அடையாளமே எழுத்து. அவ்வெழுத்து ஓவியமாகி, மீண்டும் நம் காதில் ஒலிக்குமா? கட்டிளமைப் பருவ மாணவருக்குச் சித்திரம் கற்பிப்பவன் என்ற முறையில் இக்கேள்வியோடு நீண்டகாலம் பழகியவன் நான்.

நவீன கலையில் இம்முயற்சி பெரிதும் போரின் ஓசையோடு வளர்ந்தது என்பது சிந்திக்கத்தக்கது. 1912இல் தொடங்கிய அட்ரியானோப்பிள் முற்றுகையைச் செய்தியாளராகக் கண்ட இத்தாலியக் கவிஞர் மரினெற்றி, 1914இல் 'சாங் தும்ப் தும்ப்' என்ற நூலை வெளியிட்டார். பெயரே பீரங்கியின் ஓசை. சொற்கள் பருத்தும் சிறுத்தும் வளைந்தும் தாளெங்கும் சிதறிக் கிடந்தன. போரைக் கொண்டாடியவர் அவர். 1963இல் அமெரிக்க ஓவியர் றோய் லிச்சென்ஸ்ரைன், போர்ச் சித்திரக்கதைக் காட்சியொன்றை ஏறத்தாழ நான்கு மீற்றர் அகலத்திற்குப் பெருப்பித்தார். விமானமொன்று வெடிக்கின்றது, 'வாம்!' என்று மஞ்சள் எழுத்துகள் பாய்கின்றன. அந்த ஓவியத்தை 1966இல் லண்டன் ரேற் கலைக்கூடம் வாங்கியது.

ஒலிக்கும் வடிவத்திற்கும் உறவு உண்டா? ஜேர்மானிய உளவியலாளர் கோலர் 1929இல் இதனை ஆராய்ந்தார். பொருளற்ற இரு சொற்களையும் இரு உருவங்களையும் காட்டியபோது, வல்லோசைச் சொல்லைக் கூரிய உருவத்தோடும், மெல்லோசைச் சொல்லை வளைந்த உருவத்தோடும் மக்கள் இணைத்தனர்.

ஓர் ஒலியை வரையுங்கள் என்றால் என் மாணவர் பலர் 'டமார்' என்றே தொடங்குகின்றனர். சிவப்பு, மஞ்சள், கூரிய முனைகள். 2009இல் போர் முடிந்தபின் பிறந்தவர்கள் இவர்கள். குண்டோசையைத் திரையில் மட்டுமே கேட்டவர்கள். அதனைக் கூரைக்கு மேலே கேட்ட எமது தலைமுறைக்கோ அது வர்ணமற்றது. நெஞ்சுக்குள் அதிர்ந்து, பின்பு நெடுநேரம் எதுவுமே கேளாத வெறுமை அது.

ஆகவே, நான் அவர்களிடம் தமிழின் இரட்டைக்கிளவிகளைக் கொடுக்கிறேன். பிரித்தாற் பொருள்தராத இச்சொற்களைத் தொல்காப்பியரே இலக்கணத்தில் வைத்துள்ளார். 'சலசல' காதுக்குரியது, 'பளபள' கண்ணுக்குரியது, 'சொரசொர' விரலுக்குரியது, 'கமகம' மூக்குக்குரியது. புலன்கள் யாவும் ஒரே சொல்லமைப்பில் கூடுகின்றன. ஓசையைக் கோடாகவும் நிறமாகவும் மாற்றும் வித்தைக்கு இதைவிட நல்ல வழிகாட்டி வேறென்ன வேண்டும்?

'சலசல'வை வரைய முதலில் பனையோலைக்குக் கீழே நின்று கேட்கவேண்டும். ஓலைச் சலசலப்புக்கும் நீரின் சலசலப்புக்கும் ஒரே கோடு பொருந்தாது என்பதை மாணவர் தாமாகவே கண்டுகொள்கின்றனர். பேரோசை ஒன்றுக்காகவே பல ஆண்டுகள் செவி தீட்டியிருந்த மண் இது. அங்கே சிற்றோசைகளைக் கேட்கப் பழக்குவதும் ஒரு கல்விதான்.