பொனட்டுக்குக் கீழே ஒரு வரலாறு

எமது ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனர்களின் பொனட்டைத் திறந்து பார்த்தால், பலவற்றில் மொரிஸ் எஞ்சின் இருக்காது. டட்சனோ டொயோட்டாவோதான் இருக்கும். வெளியே இங்கிலாந்து, உள்ளே ஜப்பான். இது எப்படி வந்தது என்பதை எமது பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. பின்னர் 803, 948, 1098 சிசி என எஞ்சின் படிப்படியாக வளர்ந்தது. 1960களில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது, இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை நிலைமை இன்னும் இறுகியது. புதுக் கார் கனவாகிப் போக, இருந்த காரைச் சாகவிடாமல் வைத்திருப்பதே வழி என்றானது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் ஜப்பானியப் பாவித்த எஞ்சின்கள் வந்து இறங்கின. கொழும்பு பஞ்சிகாவத்தை அதற்குப் பெயர்போனது. எஞ்சினை லொறியில் ஏற்றி வந்து, வீட்டு முற்றத்து மாமரத்தில் செயின் புளொக் கட்டி மாற்றிய காலம் அது.

வடக்கில் கதை வேறு. 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்கவில்லை. அங்கே பழைய எஞ்சினே கைகொடுத்தது. கம்ப்ரஷன் குறைவு என்பதால், சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

டட்சன் எஞ்சினுக்கும் இங்கிலாந்துக்கும் ஓர் உறவு உண்டு. 1952இல் நிசான் நிறுவனம் ஒஸ்டினுடன் ஒப்பந்தம் செய்து, ஜப்பானிலேயே ஒஸ்டின் கார்களைத் தயாரித்துத் தொழில் பழகியது. பின்னர் 1966இல் சன்னி காருக்காக 988 சிசி எஞ்சினை உருவாக்கியது. மொரிஸைப் போலவே நான்கு சிலிண்டர், எரியும் வரிசையும் அதே 1-3-4-2.

ஆனாலும் மாற்றிய அன்றே ஸ்டார்ட் ஆன கார்கள் குறைவு. பிழை பெரும்பாலும் எஞ்சினுக்குள் இருக்காது. இரண்டு நாட்டுச் சாமான்களும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கும்.

முதலாவது, பற்றரி. மொரிஸில் நேர்முனைதான் பொடியோடு சேரும், ஜப்பான் கார்களில் எதிர்முனை. இதை மாற்றாமல் ஜப்பான் ஓல்டனேட்டரைப் பூட்டினால் அதன் டயோட்கள் அந்த நொடியே கருகிவிடும்.

இரண்டாவது, ஏர்த் வயர். எஞ்சின் றப்பர் மவுண்ட்டில் இருப்பதால், எஞ்சினையும் பொடியையும் இணைக்கும் தடித்த வயர் அவசியம். அதைப் பூட்ட மறந்தால் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றும், சோக் கேபிள் சூடாகிப் புகையும். மின்சாரம் அந்த மெல்லிய கேபிள் வழியே பாதை தேடுவதுதான் காரணம். இது தெரியாமல் புதுப் பற்றரி வாங்குபவர் இன்றும் உண்டு.

மூன்றாவது, டைமிங். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது முதலாம் பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும். ஒன்று கம்ப்ரஷனில், மற்றது புகை வெளியேறும்போது. டிஸ்ட்ரிபியூட்டரைத் தவறான தடவைக்கு வைத்தால் காபரேட்டர் வழியே வெடிக்கும். பிளக்கைக் கழற்றி, துளையில் பெருவிரலை வைத்து, கையால் எஞ்சினைச் சுற்றினால் போதும். காற்று விரலைத் தள்ளும் தடவைதான் சரியானது. கருவி தேவையில்லை.

நான்காவது, எரிபொருள். ஸ்டார்ட் ஆகிக் கொஞ்சத் தூரம் ஓடி நின்றால் பழைய டாங்கின் துருவைப் பார்க்க வேண்டும். எஞ்சின் புதிது, டாங்க் பழையதுதானே!

இந்த வேலைகளில் ஒரு ஒழுங்கு இருந்தது. தீப்பொறி வருகிறதா, எண்ணெய் வருகிறதா, காற்றுப் போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. நாம் வகுப்பில் விஞ்ஞான முறை என்று சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் பெட்ரோல் வரிசையில் நின்றோம். 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அந்த வருடங்களில் பழைய கார்களை ஓட வைத்தது பழைய கைகள்தான். அக்கைகள் இப்போது முதுமையடைந்துவிட்டன. அவர்கள் அறிந்தவை பெரும்பாலும் எழுதப்படவில்லை, கண்ணால் பார்த்துப் பழகிய வித்தை அது. இறக்குமதித் தடையின் வருடங்களைப் பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். அந்த வருடங்களைத் தாண்டி வந்த மனிதர் பக்கத்துத் தெருவில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு கராஜ் பாஸ் இருப்பார். பாடசாலை விடுமுறையில் பிள்ளையை ஒரு கொப்பியோடு அவரிடம் அனுப்புங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி வரட்டும். அதுவும் எமது ஊரின் வரலாறுதான்.