மழையை அளந்த மரக்கால்

சித்திரை முதல் நாள் கோயில்களில் பஞ்சாங்கம் வாசிப்பார்கள். ராஜா யார், மந்திரி யார் என்ற பட்டியல் முடிந்ததும் மழைக் கணக்கு வரும். இந்த ஆண்டு இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, நிலத்துக்கு இத்தனை என்று வாசித்து முடித்ததும் கூட்டம் பிரசாதம் வாங்க நகர்ந்துவிடும். நெல் அளக்கும் பாத்திரத்தால் மழையை எப்படி அளந்தார்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்விதான் அது.

மரக்கால் ஒரு முகத்தலளவை. எட்டு நாழி ஒரு குறுணி; மரக்கால் என்பதும் அதுவே. இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். சோழர் காலத்தில் மரக்காலுக்குத் தனிப் பெயரே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலின் பெயர் ‘ஆடவல்லான்’. சுவாமி பெயரைச் சூட்டிய அளவையில் குறைத்து அளக்கக் கை கூசும் என்று எண்ணினார்களோ என்னவோ! பிற்காலத்தில் எட்டுப் படி ஒரு மரக்கால் ஆயிற்று. ஊருக்கு ஊர் படி மாறியதால் மரக்காலும் மாறியது. களத்தில் நெல் அளப்பவர் ‘ஒன்று’ என்று தொடங்க மாட்டார்; ‘லாபம், ரெண்டு, மூணு’ என்றுதான் எண்ணுவார்.

தானிய அளவையால் மழையை அளப்பது தமிழ்நாட்டின் விசித்திரம் அல்ல. அர்த்தசாஸ்திரம் பண்டசாலையின் முன் ஒரு முழ அகல வாயுள்ள குண்டம் வைத்து மழையை அளக்கச் சொல்கிறது. வறண்ட நாட்டுக்கு 16 துரோணம், நீர்வளமுள்ள நாட்டுக்கு 24 துரோணம் என்று அளவும் தருகிறது. துரோணமும் தானிய அளவைதான். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை அதே ஒரு முழக் குண்டத்தைச் சொல்லி, அதில் 50 பலம் நீர் சேர்ந்தால் ஓர் ஆடகம் என்கிறது. பஞ்சாங்கத்தின் மரக்கால் இந்த மரபின் தமிழ் உருவம் என்று கொள்ளலாம். எத்தனை முறை உழலாம், எத்தனை கலம் விளையும், அதில் வரி எவ்வளவு என்பதே பண்டசாலைக் கணக்கருக்கு வேண்டியிருந்தது. மழையை நெல்லின் பாத்திரத்தில் ஊற்றிப் பார்த்ததில் வியப்பில்லை.

ஆனால் மூல முறையில் இருந்த ஒன்று பஞ்சாங்க வாசிப்பில் நழுவிவிடுகிறது. குண்டத்தின் வாய் ஒரு முழம் என்று அந்த இரு நூல்களும் சொல்லிவிடுகின்றன. அதனால்தான் உள்ளே சேர்ந்த நீருக்குப் பொருள் உண்டாகிறது. வாயகலம் சொல்லாமல் ‘மூன்று மரக்கால்’ என்றால், மூன்று மரக்கால் நீர் ஒரு வாளியில் விழுந்ததா, ஊர் முழுவதும் விழுந்ததா என்று தெரியாது. கொரியாவில் 1441-ல், மன்னர் சேஜோங் காலத்தில், இதற்கு எளிய வழி கண்டார்கள். நேராக நிற்கும் உலோக உருளையில் மழையைப் பிடித்து, அளவுகோலால் ஆழத்தைப் பார்த்தார்கள். ஆழம் என்று வந்துவிட்டால் வாயகலம் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது.

கிராமத்து உழவர் வேறொரு ஆழத்தை அளந்தார். ‘ஒரு உழவு மழை’, ‘ரெண்டு உழவு மழை’ என்ற பேச்சு இன்னும் வழக்கில் உண்டு. ஏர் இறங்கும் அளவுக்கு மண் நனைந்ததா என்பதே அதன் கேள்வி. வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பது அவருக்குப் பொருட்டல்ல. மண் எவ்வளவு குடித்தது என்பதுதான் பொருட்டு. இந்தக் கட்டுரையில் வரும் அளவைகளிலேயே மண்ணைக் கேட்டுச் சொல்லும் அளவை இது ஒன்றுதான்.

சென்னைக்கு அங்குலம் வந்தது கிழக்கிந்தியக் கம்பெனியோடு. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் எழுந்தது. தமிழும் தெலுங்கும் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. நகரின் மழைக் கணக்கு 1813 முதல் கிடைக்கிறது. பிறகு தாலுகா அலுவலகம்தோறும் மழைமானி வந்தது; காலை எட்டரை மணிக்கு அதைப் பார்த்து எழுதும் வழக்கமும் வந்தது. 1956-ன் எடை, அளவுச் சட்டம் மரக்காலையும் படியையும் சந்தையிலிருந்து விலக்க, அங்குலம் இருந்த இடத்தில் சென்டிமீட்டர் அமர்ந்தது. இன்று ‘எத்தனை சென்டிமீட்டர்?’ என்பது மயிலாப்பூர் மாமி முதல் தரமணி ஆட்டோக்காரர் வரை எல்லோரும் கேட்கும் கேள்வி.

சென்டிமீட்டரைப் பெற மழைமானி செய்வதும் மரக்கால் வேலைதான். 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள மானியில் 20 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் மழை. பாத்திரம் பிடிப்பது கொள்ளளவு. வாயால் வகுத்து ஆழமாக்கிச் சொல்கிறோம். நீரியல் பொறியாளர் அந்த ஆழத்தை நிலப்பரப்பால் பெருக்கி மறுபடி கொள்ளளவாக்குகிறார். தரமணியில் உள்ள நீர் ஆய்வு நிறுவனம், மாநில நில மற்றும் மேற்பரப்பு நீர்வள விவர மையம் போன்ற அலுவலகங்களின் கணக்குகள் இந்தப் பெருக்கலில்தான் தொடங்குகின்றன. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர்.

இந்தக் கணக்கை நகர் முழுவதற்கும் போட்டுப் பார்க்கலாம். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதன்மேல் 24 சென்டிமீட்டர் மழை சீராகப் பெய்தால் சேரும் நீர் 3.6 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. அதாவது ஒரு செம்பரம்பாக்கமே கூரைகள் மேலும் தெருக்கள் மேலும் இறங்கியிருக்கும். 2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29, தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயின. அந்த மழையால் வந்த வெள்ளத்தைப் பற்றிய பேச்செல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நொடிக்கு 29,000 கன அடியைச் சுற்றியே நடந்தது. ஏரி நீரைக் கன அடியிலும் தெருவில் பெய்ததைச் சென்டிமீட்டரிலும் சொன்னதால், இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கப் பலருக்குத் தோன்றவில்லை.

பெய்வது எல்லாம் ஓடுவதில்லை. பூங்கா மண்ணில் பெரும்பகுதி இறங்கிவிடும். கான்கிரீட்டிலும் தாரிலும் பத்தில் ஒன்பது பங்கு வரை ஓடும். மழைநீர் வடிகாலின் அகலத்தை முடிவுசெய்யப் பொறியாளர்கள் பயன்படுத்தும் பழைய சூத்திரத்தில் மூன்றே விஷயங்கள்: பரப்பு, ஓடும் விகிதம், மழையின் வேகம். உழவரின் கேள்வி இதில் இரண்டாவதாக உட்கார்ந்திருக்கிறது, தலைகீழாக. அவர் மண் குடித்ததைக் கேட்டார். இவர்கள் குடிக்காமல் விட்டதைக் கேட்கிறார்கள்.

தரமணிப் பக்கத்து நிலம் இதற்குத் தக்க சாட்சி. வேளச்சேரி, பெருங்குடிப் பக்கத்து மழைநீருக்குப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்தான் தாழ்வாரம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து தெற்கே கோவளம் கழிமுகம் போகவேண்டும். அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் ஈரநிலத் தகுதி கிடைத்தது. ஆனால் அதற்குள் ராஜீவ் காந்தி சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள், தளம் போட்ட வண்டி நிறுத்தங்கள், ரயில் பாதை எல்லாம் வந்துவிட்டன. நாற்பது ஆண்டுக்கு முன் பெய்த அதே பத்து சென்டிமீட்டர் இன்று பெய்தால் ஓடும் நீர் அன்று ஓடியதைவிட அதிகம். மழைமானிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது விஷயமான வேகத்தைச் செய்தி கேட்பவர் அறவே தவறவிடுகிறார். காலை எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரையிலான ஒற்றை எண் எதையும் பிரித்துச் சொல்லாது. 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகலில் தொடங்கிச் சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் நகரின் சுரங்கப்பாதைகள் மூடப்பட்டன. அதே அளவு மழை நாள் முழுவதும் பரவிப் பெய்திருந்தால் தேக்கம் குறைவாக இருந்திருக்கும்.

தானியங்கி மழைமானிகள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. உள்ளே சீசா பலகை மாதிரி இரண்டு சிறு கிண்ணங்கள். குறித்த அளவு நீர் நிறைந்ததும் ஒன்று கவிழ, மற்றது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்பையும் கருவி நேரத்தோடு குறித்துக்கொள்கிறது. களத்தில் லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணியதும் இந்த எண்ணிக்கையும் ஒரே தொழில். கூடுதலாக ஒரு கடிகாரம் மட்டும் உண்டு. எந்தப் பத்து நிமிடத்தில் எவ்வளவு என்பது இப்போது கையில் இருக்கிறது.

அதை மக்களிடம் சேர்ப்பதுதான் பாக்கி. வானிலைச் செய்தி வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சென்டிமீட்டரோடு எத்தனை மணி நேரத்தில் என்பதையும் சொல்லுங்கள், ஏரி நிலவரத்தை வாசிக்கும் அதே அளவையில் நகரில் பெய்ததையும் ஒருமுறை சொல்லுங்கள். வாசகருக்கும் ஒரு கணக்கு: 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 930 லிட்டர். அடுத்த ஐப்பசி மழைக்குள், அது எந்தக் குழாய் வழியே எங்கே போகிறது என்று மாடிக்கு ஏறிப் பார்த்துவிடுங்கள்.